மயில் நீலத்தைக் காணவில்லை

நூலகர் மாடிப்படி ஏறி வந்தபோது சம்பந்திகள் இருவரும் ஒரு பார்சல் கயிற்றை வைத்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினால் வேலை முடிந்தது என்பது சம்பந்தியின் கட்சி. முடிச்சை அவிழ்த்தால்தான் கட்டியவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும் என்பது சம்பந்தியம்மாவின் கட்சி. கட்டியது தன் மகள்தானே, அவள் எப்படிப்பட்டவள் என்று பெற்ற தகப்பனுக்குத் தெரியாதா என்று சம்பந்தி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அழைப்புமணி அடித்தது.

சம்பந்தியின் மகளைச் சம்பந்தியம்மாவின் மகனுக்குக் கொடுத்திருந்தது. கல்யாணமான கையோடு பிள்ளைகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட, எதிரெதிர் வீடுகளில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். சம்பந்தியம்மா தபால் அலுவலகத்தில், முகவரி சரியில்லாமல் அலைந்து திரியும் கடிதங்களுக்கு உரியவரைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டதிலிருந்து மூக்குக்கண்ணாடியும் கிடையாது. சம்பந்தியோ ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் வாங்காமல் ஏறியவராகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். தெருவில் ஏதாவது காணாமல் போனால் ஜனங்கள் சம்பந்தியம்மாவைத் தேடி வர ஆரம்பித்தபோது, யாரும் கேட்காமலேயே அவருக்கு உதவியாளராகத் தன்னை நியமித்துக்கொண்டார். பரிசோதகரின் மனைவி இதைத் தடுக்கவில்லை. அவர் வெளியே போகும் நேரம்தான் தனக்கு நிம்மதி என்று வாய்விட்டே சொல்வாள்.

வந்தவர் தபால்தலை சேகரிப்போர் சங்கத்தின் நூலகர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்ததும் குடித்தார், அதற்கப்புறம்தான் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை சம்பந்தியம்மா நிதானமாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பரிசோதகருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். சங்க நூலகத்தில் இருப்பவை தபால்தலைகள் அல்ல, தபால்தலைகளைப் பற்றிய புத்தகங்கள். எந்தத் தலை எந்த அச்சகத்தில் அச்சானது, என்ன தாள், ஓரத்தில் எத்தனை பல், போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் சொல்லும் நூல்கள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. ஒட்டிவிட்டுத் தூக்கிப்போடும் தலைக்கு இத்தனை புத்தகமா என்று பரிசோதகர் வியந்தார். புத்தகம் இல்லாவிட்டால் கையில் இருப்பது புதையலா குப்பையா என்றே தெரியாது என்று நூலகர் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்.

அந்த நூலகத்தின் பெருமை ‘நிறக் கையேடு’. ஒரே படம், ஒரே மதிப்பு என்றாலும் அச்சு மை சற்று மாறிப்போனால் தலை வேறாகிவிடும். ஒரு நிறம் எல்லார் வீட்டிலும் கிடக்கும், இன்னொன்று தேடினாலும் அகப்படாது. அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு வண்ணச் சதுரத்தைக் கையால் ஒட்டி, அதன் பெயரையும் அந்த நிறத்தில் வந்த தலைகளையும் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். தொகுத்தவர் சங்கத் தலைவர். தலைகளின் ஓரப் பற்களை எண்ணி எண்ணியே ஆயுளைக் கழித்தவர் என்பதால் உறுப்பினர்கள் அவரைப் ‘பல்லெண்ணி’ என்பார்கள், அவர் காதுபடவே. கைவேலை அதிகம் என்பதால் இரண்டாம் பதிப்பு மிகச் சில பிரதிகள்தான் வந்தது. சங்கத்துக்கு நான்கு. அந்த நான்கு பிரதிகளிலும் நீலங்கள் இருந்த தாளை மட்டும் இப்போது காணவில்லை.

அலமாரிச் சாவி நூலகரிடம்தான் இருந்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் செயலாளர் நிர்வாகக் குழுவைக் கூட்டி, சாவியை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அதற்குள் தாள்கள் எங்கே என்று சொல்லாவிட்டால் நூலகர் போக வேண்டியதுதான்.

“நான் ஒரு தலைகூடச் சேர்த்தது கிடையாதுங்க,” என்றார் நூலகர். “ஆனா அங்க இருக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுப்பேன். வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். திருடின்னு பேர் வாங்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பேன்?”

சமீபத்தில் அந்தப் புத்தகத்தை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று சம்பந்தியம்மா கேட்டார். வழக்கமாக வருகிறவர்களில் யாரும் இல்லை என்றார் நூலகர். ஒருவரைத் தவிர. ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எப்போதும் சட்டைப்பையில் லென்ஸ் இருக்கும் என்பதால் அவருக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். தலைவரும் அவரும் ஒரு காலத்தில் இணைபிரியாதவர்கள். ஏதோ ஒரு தலை விஷயமாக மனக்கசப்பு வந்து, ஆண்டுக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை, சங்கத்துப் பக்கமும் வருவதில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் வந்து நிறக் கையேட்டைக் கேட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தாராம். விளக்கு மங்கலாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாராம். யாரோடும் பேசாமல் எழுந்து போய்விட்டாராம்.

பரிசோதகர் தொடையில் தட்டிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் மூவரும் சங்கத்துக்குப் போனார்கள். கீழே சைக்கிள் கடை, மேலே சங்கம். நீளமான ஒரே அறை. செயலாளர் முன்கூட்டியே வந்து, சாவியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். சுறுசுறுப்பான மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் விதிமுறை என்று ஒன்று இருந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

சம்பந்தியம்மா ஒவ்வொரு பிரதியாக விரித்து, வெட்டிய இடத்தை விரல் நுனியால் தடவினார். தாளைக் கிழிக்கவில்லை. இரும்பு அளவுகோல் வைத்து பிளேடால் அறுத்திருந்தது. தையலை ஒட்டி ஒரே சீராக ஒரு சிறு ஓரம் விட்டிருந்தது. அதோடு, அடுத்த தாள் கழன்று வந்துவிடாதபடி அந்த ஓரத்தின் அடியில் கண்ணாடி மாதிரியான மெல்லிய ஒட்டுத்தாள் ஒன்றும் ஒட்டியிருந்தது. ஆல்பத்தில் தலைகளை ஒட்டுவதற்கென்றே விற்பது அது, சேகரிப்பவர்கள் எல்லார் பையிலும் இருக்கும் என்றார் செயலாளர்.

“இதைச் செஞ்சவருக்குப் புத்தகத்து மேல பாசம் ஜாஸ்தி,” என்றார் சம்பந்தியம்மா.

பாசம் உள்ளவன் ஏன் வெட்டுகிறான் என்று பரிசோதகர் கேட்டார். சம்பந்தியம்மா முதல் பதிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் எல்லாத் தாள்களும் இருந்தன. படகு போட்ட தலை ஒன்று மயில் பச்சையில் ஏராளமாக வந்தது, மயில் நீலத்தில் மிக அபூர்வம் என்று தலைவர் அதில் எழுதியிருந்தார். இரண்டு சதுரங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. பரிசோதகர் குனிந்து பார்த்தார். மயிலின் கழுத்தில் எந்த இடத்தில் நீலம் முடிந்து எந்த இடத்தில் பச்சை தொடங்குகிறது என்று யார் சண்டை போடுவது என்று அவருக்குத் தோன்றியது.

இரண்டாம் பதிப்பில் சிவப்புகள் அப்படியே இருந்தன. மஞ்சளும் பழுப்பும் யாரும் தொடாமல் இருந்தன. போனது நீலம் மட்டும்.

அந்த நேரத்தில் தலைவர் படியேறி வந்தார். உயரமான, மரியாதை தெரிந்த கிழவர். சம்பந்தியம்மாவைப் பார்த்து வணங்கினார், பரிசோதகருக்கு நாற்காலி காட்டினார். நூலகர் இருந்த பக்கம் மட்டும் அவர் பார்வை போகவில்லை. நூலகர் பதற்றத்தில் ஒரு புத்தகத்தைத் தவறவிட்டார். அது தலைவரின் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாரே தவிர குனியவில்லை. கடைசியில் செயலாளர்தான் ஓடிவந்து எடுத்தார். இத்தனை மரியாதை தெரிந்தவருக்கு இதென்ன திமிர் என்று பரிசோதகர் மனத்துக்குள் முகம் சுளித்தார். தலைவர் எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கண்ணாடி இல்லாமல் படித்து, அதில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதாகச் செயலாளரிடம் சொல்லிவிட்டுத் தன் வழக்கமான நாற்காலிக்குப் போனார். அது அலமாரிகளுக்குப் பின்னால், தனியாகப் போட்டிருந்தது.

அவர் காதில் விழாத தூரம் வந்ததும் நூலகர் மெல்லிய குரலில் தன் மனக்குறையைச் சொன்னார். மகள் வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போன மாதம் போனவர், திரும்பி வந்ததிலிருந்து சரியாகவே பேசுவதில்லையாம். வந்த அன்றைக்கே, “எப்பம்மா வெள்ளையடிச்சீங்க, சொல்லவே இல்லையே” என்று கேட்டாராம். சுவர் அழுக்காக இருப்பதை அவர் குத்திக் காட்டியதில் தனக்கு அழுகையே வந்துவிட்டதாம். பரிசோதகர் சுவரைப் பார்த்தார். பழைய சுண்ணாம்பு, ஜன்னலுக்கு மேல் ஈரக்கறை. இந்தச் சுவர் வெள்ளையைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருக்கும்.

“இவர் தினமும் வருவாரா?” என்று சம்பந்தியம்மா கேட்டார்.

“தினமும் காலைல. அந்த நாற்காலியில உக்காந்து ஏதாவது படிப்பார்.”

“வழக்கமா வர்றவங்க யாரும் அந்தப் புத்தகத்தை எடுக்கலைன்னீங்களே?”

நூலகருக்குக் கேள்வி புரியவே சற்று நேரம் பிடித்தது. “ஐயா எடுப்பாருங்க, அது அவர் எழுதின புத்தகம். அவர் எப்படிங்க ‘யாராவது’ ஆவார்?”

வெளியே வந்ததும் பரிசோதகர் தன் முடிவை அறிவித்தார். பூதக்கண்ணாடிதான். சம்பந்தியம்மா மறுக்கவில்லை, அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னார்.

ஜவுளிக்காரரின் வீடு அவர் கடைக்குப் பின்னாலேயே இருந்தது. தூறலில் நனைந்த குடையை வாசலில் இருந்த வாளியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மெலிந்து, படபடவென்று பேசுகிற ஆள். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான் என்றார். துணிக்கு ஏற்ற நூல்கண்டை எடுத்துக் கொடுக்கக்கூடத் தன்னை விடுவதில்லை, விலைச்சீட்டு ஒட்ட விடுகிறான், அதோடு சரி என்று மகன் மேல் ஒரு பாட்டம் புகார் சொன்னார். நிறக் கையேட்டைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் வாயை மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஜவுளிக்காரரே எழுந்து போய்த் தன் இரண்டாம் பதிப்புப் பிரதியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். அதில் நீலத்தாள் இருந்தது. விரித்து விரித்து அந்த இடத்தில் தையலே தளர்ந்துபோயிருந்தது.

சம்பந்தியம்மா படித்தார். ‘முதல் பதிப்பில் மயில் நீலம் என்று குறிப்பிட்டது பிழை. படகுத் தலைகள் யாவும் மயில் பச்சையே. இன்னமும் நீலத்தைக் கண்டதாகச் சொல்பவர்கள் நல்ல கண் மருத்துவரைப் பார்க்கவும்.’

“என்னைத்தான் சொல்றான்,” என்றார் ஜவுளிக்காரர். “அவன் முதல் பதிப்பைப் படிச்சுட்டு நாய் மாதிரி அலைஞ்சு ஒரு நீலத்தைத் தேடிப் பிடிச்சேன். வேற யாருக்கும் காட்டாம நேரா அவன்கிட்ட ஓடினேன். பச்சைன்னுட்டான். ஆயுசு பூரா நிறம் பார்த்து வித்தவன் நான். அப்புறம் இந்தப் புத்தகத்தை அனுப்பினான், இந்தப் பக்கத்துல அடையாளத் தாள் வெச்சு.”

அவ்வளவு கோபம் உள்ளவர் சமீபத்தில் எதற்காக நூலகத்துக்குப் போனார் என்று பரிசோதகர் குறுக்கே கேட்டார். ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது என்றார் அவர். எதை என்று கேட்டதற்கு, அது தன் சொந்த விஷயம் என்று எழுந்துவிட்டார். ஆனாலும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். வாளியில் இரண்டு குடைகள் இருந்தன, பரிசோதகரின் நீலக் குடையும் அந்த வீட்டுப் பச்சைக் குடையும். ஜவுளிக்காரர் பச்சைக் குடையை உதறி, “இந்தாங்க உங்க குடை” என்று நீட்டினார். பரிசோதகர் அதை வாங்காமல் தன் குடையைத் தானே எடுத்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா சம்பந்தியம்மா?” என்றார் தெருமுனை திரும்பியதும். “வாசல்ல வெச்சே குடையை மாத்தப் பார்க்கிறார். இவர் தாளை விட்டுவைப்பாரா?”

“தன்னைத் திட்டியிருக்கிற பக்கத்தை ஒழிக்கணும்னு நினைக்கிறவர் முதல்ல தன் வீட்டுப் பிரதியிலதான் கை வைப்பார், சம்பந்தி. இவர் அதைப் பொக்கிஷமா வெச்சிருக்கார்.”

“அப்ப யாருதான் எடுத்தது?”

சம்பந்தியம்மா வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார். பரிசோதகருக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவர் மனைவிக்கும்தான், அவர் புரண்டு புரண்டு படுத்ததில்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வரும்படி சம்பந்தியம்மா நான்கு பேருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். நூலகரும் செயலாளரும் முதலில் வந்தார்கள். பிறகு தலைவர். கடைசியாக ஜவுளிக்காரர் வந்து, தலைவரைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். பரிசோதகர் கதவை மறித்து நின்றார். ஓடும் ரயிலில் எத்தனையோ பேரை அப்படி நிறுத்தியவர் அவர்.

சாவி செயலாளரின் முன்னால் மேசை மேல் இருந்தது. நூலகர் அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

சம்பந்தியம்மா உட்கார்ந்தபடியே தலைவரிடம் கேட்டார். “உங்களுக்கு முதல்ல எந்தக் கண்ணுல செஞ்சாங்க?”

“வலது,” என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செயலாளர் தலைவரையும் சம்பந்தியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்குப் போன வருஷம் புரை எடுத்தாங்க,” என்று சம்பந்தியம்மா மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். “வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா, ஜன்னல் திரையை யார் துவைச்சதுன்னு சம்பந்தியைக் கேட்டேன். யாரும் துவைக்கலை. புரை வந்த கண்ணு எல்லாத்தையும் மஞ்சளாக் காட்டும். ரொம்ப மெதுவா வர்றதால அது நமக்கே தெரியாது. எடுத்த பிறகுதான் வெள்ளை வெள்ளையாத் தெரியும். தலைவரும் ஊர்லேருந்து வந்த அன்னைக்கு இந்தச் சுவரைப் பார்த்து, எப்ப வெள்ளையடிச்சீங்கன்னு கேட்டிருக்கார். குத்திக் காட்டலை. நிஜமாவே கேட்டிருக்கார்.”

பரிசோதகர் வாயைப் பிளந்தார். திரை விஷயம் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அன்றைக்குச் சம்பந்தியம்மாவுக்கு மறதி வந்துவிட்டதென்று அவர் தன் மனைவியிடம் கவலையோடு சொல்லவும் செய்திருந்தார்.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. புரை எடுத்தவர்களைக் கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது என்பார்கள். காலடியில் விழுந்த புத்தகத்தை எடுக்கத் தலைவர் குனியாதது திமிரால் அல்ல. எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப்பிழை அவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. புரை விழுந்த கண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் பெரிதாக மாறுவதில்லை, அடிபடுவது நீலம்தான். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் பச்சையாகிவிடும். முதல் பதிப்பு நல்ல கண்ணோடு செய்தது, அதில் மயில் நீலம் இருந்தது. இரண்டாம் பதிப்பு புரை வளர்ந்த காலத்தில் செய்தது, அதில் மயில் நீலம் இல்லாமல் போனது. சிகிச்சை முடிந்து வந்து தன் புத்தகத்தைத் திறந்தவருக்கு, தான் செய்த தவறு பக்கம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

“வெட்டின இடத்துல ஒரே சீரா ஓரம் விட்டிருந்தது,” என்றார் சம்பந்தியம்மா. “ஒளிக்கிறவங்க அப்படி விட மாட்டாங்க. அதுல புதுத்தாளை ஒட்டணும்னு நினைச்சவர்தான் விடுவார். அலமாரிச் சாவி தேவையில்லாம, தினமும் கேட்டதும் புத்தகம் கையில கிடைக்கிற ஒரே ஆளு அவர்தான். ஏன்னா அவர் இந்தம்மாவுக்கு ‘யாராவது’ இல்லை.”

தலைவர் மறுத்துப் பேசவில்லை. எல்லாம் அப்படியே நடந்தது என்றார். திருத்திய நீலத்தாளை அச்சகத்தில் கொடுத்திருந்தார், நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் புதுத்தாளை ஒட்டிவிடலாம் என்று இருந்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. நிறத்தைப் பற்றித் தன் வாக்குத்தான் கடைசி வாக்கு என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“கண்ணு தப்பாக் காட்டினதுக்கு நீங்க பொறுப்பில்லை,” என்றார் சம்பந்தியம்மா. குரல் உயரவில்லை. “ஆனா குழுக் கூட்டத்துல இந்தம்மாவைத் திருடிங்கற மாதிரிப் பேசினப்ப, நீங்கதான் தலைமை நாற்காலியில உக்காந்திருந்தீங்க. அன்னைக்குக் கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சது?”

பரிசோதகருக்கே அந்தக் கிழவர்மீது இரக்கமாக இருந்தது. தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, நூலகருக்கு முன்னால் போய் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“தப்பு என்னுதும்மா. உன் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லாமப் போச்சு.”

நூலகருக்குக் கோபப்படத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. கோபம் இருந்தது, முகத்திலும் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: “கேட்டிருந்தா நானே தையலைப் பிரிச்சுத் தாளை எடுத்துக் கொடுத்திருப்பேனே ஐயா. பிளேடு எதுக்கு?”

தலைவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அப்படியே வழியவிட்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து, அதிலிருந்த புதுத்தாளை ஜவுளிக்காரர் பக்கம் நீட்டினார். ஆண்டுக்கணக்கில் முதல் தடவையாக இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஜவுளிக்காரர் லென்ஸை எடுத்துத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாய்விட்டே படித்தார்.

‘மயில் நீலம்: உண்டு. இரண்டாம் பதிப்பில் இல்லை என்று எழுதியது என் பிழை. என் நண்பர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தவன் நான்தான்.’

படித்து முடித்தவர் சந்தோஷப்படுவார் என்று பரிசோதகர் காத்திருந்தார். ஜவுளிக்காரரோ சங்கடமாக நெளிந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடித்தாள் உறையை எடுத்தார். உள்ளே படகுத் தலை இருந்தது.

“இதைக் கேளுடா,” என்றார். “சமீபத்துல ஒரு நாள் இதை எடுத்துப் பார்த்தேன். எனக்கே பச்சையாத் தெரிஞ்சுது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், பச்சைதான். என்கிட்ட இல்லாத உன் முதல் பதிப்போட ஒப்பிட்டுப் பார்க்கலாம்னுதான் அன்னைக்கு இங்க வந்தேன். நீ சொன்னதுதான் சரி, நான்தான் வீம்பு பிடிச்சு உன்னை இத்தனை நாளா வைதிருக்கேன்னு நினைச்சேன். எந்த முகத்தோட வந்து உன்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். நீ என்னடான்னா நீலம்னு அச்சடிச்சுட்டு வந்து நிக்கிறே. அதை மாத்து. இது பச்சை.”

தலைவர் அந்தத் தபால்தலையை வாங்கிப் பார்த்தார். “நீலம்டா. சுத்தமான நீலம்.”

“பச்சைங்கறேன். ஜவுளிக்கடைக்காரன்கிட்ட நிறம் சொல்லாதே.”

“உன் மகன் உன்னை நூல்கண்டுகூட எடுக்க விடறதில்லைன்னு ஊரே சொல்லுது.”

அப்போதுதான் பரிசோதகருக்குக் குடை நினைவு வந்தது. சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பை அடக்கிய அடையாளம் இருந்தது. குடை நீட்டிய அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. இந்தக் கிழவர்கள் தாமாகவே இந்த இடத்துக்கு வந்து சேரட்டும் என்று விட்டிருக்கிறார்.

சண்டை வலுத்தது. இருவருடைய குரலும் கீழே சைக்கிள் கடைவரை கேட்டிருக்கும். இத்தனை காலத்துப் பேச்சு பாக்கி இருந்தது அல்லவா. கடைசியில் தலைவர் தபால்தலையை இடுக்கியால் பிடித்து நூலகரிடம் நீட்டினார். இதுவரை யாரும் அவரிடம் நிறம் கேட்டதில்லை.

“நீ சொல்லும்மா. உன் கண்ணுதான் இங்க பழுதில்லாம இருக்கு. இது என்ன நிறம்?”

நூலகர் வாங்கிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து நின்றார்.

“சாவி கைக்கு வரட்டும். அப்புறம் சொல்றேன்.”

செயலாளர் அவசர அவசரமாகச் சாவியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். பொதுக்கூட்டத்தில் தானே எழுந்து மன்னிப்புக் கேட்பதாகவும், அதற்கு விதிமுறையில் இடமிருப்பதாகவும் சொன்னார். நூலகர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இடுக்கியை வாங்கி, ஜன்னலருகே போனார். வெளிச்சத்தில் தபால்தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இரண்டு கிழவர்களும் பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

“நீலம்,” என்றார் நூலகர்.

தலைவர் ஜெயித்த மாதிரி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நண்பரின் தோளில் கை வைத்தார். ஜவுளிக்காரர் லென்ஸை வைத்து அந்தத் தபால்தலையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எந்த ஆஸ்பத்திரிடா?”